நடுவில் இருப்பது

சுறாவுக்குப் பயந்து வட்டமடிக்கத் தொடங்கிய மத்தி மீன் கூட்டம், சுறா போன பிறகும் சுற்றுவதை நிறுத்தவில்லை. பக்கத்து மீன் திரும்புகிற பக்கம் தானும் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அவற்றுக்கு வேறொன்றும் தெரியாது. உள்வரிசையில் மின்னியும் அவள் அக்கா செவ்வாலியும் நீந்திக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வால் துவண்டுபோயிருந்தது.

“எதைச் சுற்றுகிறோம், அக்கா?” என்று கேட்டாள் மின்னி.

“நடுவில் இருப்பதைத்தான்.”

“அது என்ன?”

“எனக்கென்ன தெரியும்? இத்தனை பேர் சும்மாவா சுற்றுவார்கள்? பேசாமல் வா.”

மின்னிக்கு மனசு கேட்கவில்லை. இப்படியே போனால் அக்கா செத்துப்போவாள் என்று பயந்தாள். வரிசையை விட்டு விலகி நடுவுக்குப் போனாள். அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்புவது என்று பார்த்துக்கொள்ள அருகில் ஒரு மீன்கூட இல்லை.

“இங்கே ஒன்றுமே இல்லை! நிறுத்துங்கள்!” என்று கத்தினாள்.

உள்வரிசை மீன்கள் அவளைப் பார்த்தன. “நடுவில் யாரோ நிற்கிறார்கள்” என்று பின்னால் வந்தவற்றிடம் சொல்லின. செய்தி கடைசி வரிசைவரை போனது. சோர்ந்துபோயிருந்த கூட்டம் முன்னைவிட வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது. மின்னி திரும்பி வரப் பார்த்தாள். அவளுடைய இடத்தை வேறு மீன்கள் அடைத்துவிட்டிருந்தன.

அக்கா அவளைக் கடந்துபோனாள்.

“அக்கா, நான்தான்! மின்னி!”

“தெரிகிறது, தாயே” என்றாள் அக்கா, மூச்சிரைக்கத் தலையைத் தாழ்த்தி.

அடுத்த சுற்றில் அக்காவின் இடத்தில் வேறொரு மீன் வந்தது.