தமிழில் எழுதிய டப்பா

“அண்ணா, என் சாம்பிள் டப்பாவைக் காணோம்.”

அர்ஃபா சொன்னதும் வேலுமணி இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். ஃப்ரிட்ஜ் சாவி இருந்தது. ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுவதும் சாவி வைத்திருப்பதும் அவன் வேலை.

கடலில் விளையும் பாசியின் சாறு பத்தே நாளில் வீரியம் இழந்துவிடும். அர்ஃபா அதைக் கண்ணுக்குத் தெரியாத நானோ உறைகளுக்குள் அடைத்து, ஜெல்லியாக உறையவைத்திருந்தாள். இன்று அறுபதாம் நாள். வீரியம் அப்படியே இருக்கிறது என்று பதினொரு மணிக்கு முதலாளியிடம் சோதித்துக் காட்ட வேண்டும். வேறு டப்பா கிடையாது. காட்டாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

வேலுமணிக்குச் சபரிநாதன் மேல்தான் சந்தேகம். அவனும் அதே சாற்றில்தான் ஆராய்ச்சி செய்தான், உறை இல்லாமல். அவனுடையது பத்தாம் நாளே வீணாகியிருந்தது. நேற்று சாயங்காலம் சாவி வாங்கியவனும் அவன்தான்.

“ஏனுங்க தம்பி, நேத்து ஃப்ரிட்ஜுல எதை எடுத்தீங்க?”

“என் பாட்டிலை.”

“அது மட்டுந்தானுங்களா?”

“பின்ன? அவ டப்பாவை எடுத்து நான் முழுங்கவா போறேன்?”

சபரிநாதன் பையைக் கவிழ்த்துக் காட்டினான். வேலுமணி அவனுடைய டிபன் பாக்ஸைக்கூட விடவில்லை. எலுமிச்சை சாதம்தான் இருந்தது.

அப்போதும் மனம் ஆறவில்லை. மனைவி இறந்த பிறகு அவனுக்கென்று எதையும் எடுத்து வைக்க ஆளில்லை. நேற்று நோன்பு திறக்கக் கிளம்பும்போது, அவனுக்கும் பலகாரம் ஃப்ரிட்ஜில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவள் அர்ஃபா. சாப்பிட்டதைக் காலையில் அவளிடம் சொல்லியும் ஆயிற்று. அப்படிப்பட்ட பெண்ணுக்கா இந்தக் கதி?

“டப்பா எப்படி இருக்கும் அம்மிணி? குப்பையிலயும் பார்த்துடறேன்.”

“வெள்ளை டப்பா. நீங்க தெரியாம கொட்டிடக் கூடாதுன்னு நேத்துதான் தமிழ்ல பெரிசா எழுதி ஒட்டினேன்.”

“என்னன்னு எழுதினீங்க?”

“கடல்பாசின்னு.”

வேலுமணி ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தான்.

அர்ஃபா ஃப்ரிட்ஜின் மேல் தட்டைத் துழாவினாள். ஓரத்திலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே ரோஸ் நிறத்தில் வில்லை வில்லையாக நோன்புப் பலகாரம், தொடாமல் இருந்தது.

“அண்ணா, எங்கம்மா உங்களுக்குச் செஞ்ச கடல்பாசி இங்க இருக்கு. அப்ப, சக்கரையே இல்லைன்னு காலையில சொன்னீங்களே, அது எது?”