புது வீட்டில் இருக்கிறது

பிள்ளை துப்பிய பருப்புச் சோறு அவள் கன்னத்தில் வந்து ஒட்டியது.

துடைக்கவில்லை. அடுத்த வாயை உருட்டினாள்.

"நீலத் தட்டு," என்றான் மகன்.

"அது புது வீட்டுல இருக்குது சாமி."

நீலத் தட்டு கட்டிலுக்கு அடியில் இருந்தது. டேப் சுற்றிய அட்டைப்பெட்டிகளில் ஏதோ ஒன்றில். எதில் என்று அவளுக்கே தெரியாது.

ஆடி பிறந்தால் குடிபோக முடியாது என்று அவசர அவசரமாகக் கட்டியவை. கணவனுக்கு மைசூருக்கு மாற்றல் உறுதி என்று வங்கியில் எல்லோரும் சொன்னார்கள். ஆர்டர் வருவதுதான் பாக்கி. அவள் பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். மைசூரில் வங்கிக் குடியிருப்பு. வாசலில் மண் தரை. கொய்யா மரம். பிள்ளை விழுந்து எழுந்து ஓட இடம்.

இங்கே மூன்றாவது மாடி. ஒரே அறை. கதவைத் திறந்தால் படிக்கட்டு.

ஆடி போயிற்று. இது ஐப்பசி. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. துணிகள் அறைக்குள்ளேயே தொங்குகின்றன.

முதலில் தட்டு மட்டும்தான் புது வீட்டில் இருந்தது. பிறகு மூன்று சக்கர சைக்கிள். பிறகு கரடித் தலையணை. பிறகு, கட்டாதவையும் அங்கே போய்ச் சேர ஆரம்பித்தன. உடைந்த கார். தீர்ந்துபோன பிஸ்கட். மதியத் தூக்கம் கலைந்து அவன் கேட்ட நிலா.

சொல்வது சுலபமாக இருந்தது. அழுகை நின்றது.

ஒரு நாள் கரண்ட் போனபோது இருட்டில் அவனே சொன்னான்.

"லைட்டு புது வீட்டுல."

எதிர்வீட்டு சாந்தாமணி அக்கா இன்று காலையில் கோலப்பொடிக் கையோடு நின்று கேட்டாள். "ஆர்டர் வந்துருச்சாங் கண்ணு? நீங்க போறோம் போறோம்னு சொல்லியே பையன் வளந்துட்டான் போ."

அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அலுத்துவிட்டது.

கணவன் இன்று வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டான். ஷூவைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றான்.

"இந்த வருசம் இல்லீயாமா."

அவள் கையில் சோறு காய்ந்திருந்தது.

"அடுத்த வருசம்?"

"அது அப்பப் பாக்கலாம்னு சொல்றாங்க."

மகன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். "நீலத் தட்டு," என்று அவனிடமும் கேட்டான்.

கணவன் அவன் தலையைத் தடவினான். அவளைப் பார்த்தான்.

அவள் எழுந்து கை கழுவினாள். கன்னத்தையும் கழுவினாள்.

"ஏங்க, கத்தி எங்கீங்க?"

"எதுக்கு?"

"பெட்டியெல்லாம் அறுக்கோணும்."

"நல்ல கத்தியும் புது வீட்டுலதான்," என்றான் அவன்.

வேறொரு நாளென்றால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"நான் இவனக் கூட்டிட்டுக் கீழ போறனுங்க. எல்லாத்தையும் எடுத்து வெச்சுருங்க. கட்டில அந்தச் சுவத்துப் பக்கம் தள்ளிப் போட்டுருங்க."

அவன் ஷூவைக் கழற்றினான்.

மழை விட்டிருந்தது. தெருவைச் சுற்றி நடந்தாள். இடுப்பில் மகன் கனத்தான். அடுத்த தெருவையும் சுற்றினாள். பூட்டிய தையல்கடைப் படியில் உட்கார்ந்தாள்.

"எங்க போறோம்?" என்றான்.

"புது வீட்டுக்கு."

அவன் கைதட்டினான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மாடியும் அவனைத் தூக்கிக்கொண்டே ஏறினாள். சொந்த வீட்டு மணியை அடித்தாள்.

"வாங்க, வாங்க," என்று கணவன் கதவைத் திறந்தான். வேறு சட்டை போட்டிருந்தான்.

கட்டில் எதிர்ச்சுவர் ஓரம் கிடந்தது. தொங்கிய துணிகளைக் காணோம். நடு அறையில் சைக்கிள். கட்டில்மேல் கரடித் தலையணை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பால் காய்ச்ச அவள் சொல்லவில்லை. அவனாகவே வைத்திருக்கிறான்.

மகன் வாசலில் நின்று பார்த்தான். பிறகு கத்திக்கொண்டு ஓடினான்.

சைக்கிள் சுவரில் இடித்தது. மறுபடி இடித்தது. நீலத் தட்டில் போட்ட சோறு முழுவதையும் தின்றான். விரலையும் சூப்பினான்.

அவள் கட்டில் ஓரமாகச் சாய்ந்தாள். இந்த மூலையிலிருந்து ஜன்னல் தெரிந்தது. ஒரு துண்டு வானமும். இத்தனை மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. கண் சொருகியது.

சைக்கிள் சத்தம் நின்றது.

மகன் அவள் மடியில் ஏறினான். கண்ணைக் கசக்கினான். கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னான்.

"அம்மா, நம்மூட்டுக்குப் போலாம்."

அவள் அசையவில்லை.

"போலாம்மா. தூக்கம் வருது."

கணவனைப் பார்த்தாள். அவன் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டான்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

படி இறங்கும்போது, மேலே கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது.