தேன்மொழிக்கு வேறு பெயர்

பெயர் மாற்றும் படிவத்தைப் பார்த்ததும் எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை.

“தேன்மொழி! தேன் மாதிரி பேச்சுன்னு அர்த்தம். எங்க வகுப்புல மட்டும் நாலு தேன்மொழி இருந்தாங்க. இதைப் போய் எதுக்கும்மா மாத்தணும்?”

“மாப்பிள்ளை வீட்டுல பிடிக்கலை சார். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தா ஊரே சிரிக்குமாம்” என்றாள் பெண்ணோடு வந்திருந்த அத்தை.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?”

அத்தை பெண்ணின் பக்கம் திரும்பினாள். “சீக்கிரம் கையெழுத்துப் போடுடி” என்று பெண்ணின் கையில் பேனாவைத் திணித்தாள்.

வந்ததிலிருந்து அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. மிரட்டிக் கூட்டி வந்திருப்பார்களோ என்று எழுத்தருக்குச் சந்தேகம் தட்டியது.

“பயப்படாம சொல்லும்மா. உனக்கு இதுல சம்மதமா?”

அவள் படிவத்தை வெடுக்கென்று இழுத்து இரண்டாகக் கிழித்தாள். “ஐயையோ!” என்று அத்தை அலறினாள். கிழிந்த தாளின் பின்பக்கம் அந்தப் பெண் மளமளவென்று எழுதி நீட்டியதை எழுத்தர் படித்தார்.

‘எனக்குப் பேச்சு வராது என்று டாக்டர் கைவிரித்த அன்றைக்குத்தான், அம்மா என் பழைய பெயரை எடுத்துவிட்டு இந்தப் பெயரை வைத்தாள். இதை மாற்ற மாட்டேன். வேண்டுமானால் மாப்பிள்ளையை மாற்றிக்கொள்கிறேன்.’