தறிக்காரர் வீதியின் பெருமை

இதனால் உலகத்தார் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், திருப்பூர் தறிக்காரர் வீதி இன்று ‘பாரம்பரியக் குடியிருப்பு’ ஆகவிருந்தது. சான்றிதழ் தரும் அதிகாரி ஜோதிகா வந்தேவிட்டார். வீதிப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் சிவசுப்பிரமணியத்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதினொரு மணிக்குள் இந்த அம்மாளை அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழும் போகும், மானமும் போகும்.

“என்ன ஒரு அமைதி! இங்கேயேதான் குடியிருக்கீங்களா?”

“நாலு தலைமுறைங்க. கூரையில ஒரு ஓடுகூட மாத்துலீங்க.”

“உங்க வீட்டுக்குள்ள வந்து கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா?”

தலைவர் வாசலை மறித்து நின்றார்.

“உள்ள வரக்கூடாதுங்க. சம்சாரத்துக்கு அம்மை போட்டிருக்குங்க.”

“அப்ப பக்கத்து வீட்டுல?”

பக்கத்து வாசலில் நின்ற செயலாளர் சண்முகவேல் பதறினார். “இங்கயும் அம்மைதானுங்க!”

“எதிர் வீடு?”

“பரவிப்போச்சுங்க.”

ஜோதிகாவின் முகம் வெளுத்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரை நோக்கி நடந்தார். தலைவர் மூச்சு விடப்போன நேரத்தில் எங்கோ பதினொரு மணி அடித்தது.

பனியன் கம்பெனியில் எதை நிறுத்தினாலும் டீ நேரத்தை நிறுத்த முடியாது. வீதியின் எல்லாக் கதவுகளும் திறந்தன. தலையெல்லாம் பஞ்சோடு வீட்டுக்கு நாற்பது பேர் வெளியே வந்தார்கள்.

“இவங்க எல்லாருக்கும் அம்மையா?” என்றார் ஜோதிகா.

டெய்லர் ஜெபக்குமார் தலைவரிடம் வந்தான். “அண்ணாச்சி, மிஷினை எப்பப் போடலாம்? காலையிலேர்ந்து சத்தமில்லாம இருட்டுல உக்கார வச்சிட்டீயளே!”

தலைவர் குடியிருப்பது அவிநாசி ரோட்டில், எட்டாவது மாடியில்.