காண்டாமிருகமும் ஒட்டகமும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இரு பெரும் வல்லரசுகளின் சமாதான மாநாடு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொடங்கியது. இடம், ஒரு வீட்டுக் கூடம். மேஜையில் பிஸ்கட் இருந்தது.

ஒரு பக்கம் காண்டாமிருகத்தார். முப்பது வருடம் காண்டாமிருகம் மார்க் லாரி ஓட்டியவர். மனைவியின் பிறந்தநாள் மறந்துபோகும், சேஸிஸ் நம்பர் மறக்காது. எதிர்ப்பக்கம் ஒட்டகத்தார். ஒட்டகம் மார்க் தவிர ரோட்டில் ஓடும் மற்றதெல்லாம் அவருக்குத் தகர டப்பா.

முன்னவரின் மகளும் பின்னவரின் மகனும் ஒருவரையொருவர் விரும்பித் தொலைத்தார்கள். அதனால்தான் லாரி உலகின் இரண்டு துருவங்களும் ஒரே சோபாவில் உட்கார நேர்ந்தது.

முழங்கால் தேய்ந்து காண்டாமிருகத்தார் வீட்டோடு உட்கார்ந்து ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து லாரியை ஓட்டுவது மகள். அந்தப் பக்கம் ஒட்டகத்தாருக்குக் கண் மங்கியதும் ஸ்டீயரிங் மகன் கைக்குப் போனது. "தொழில்ல பழக்கம்ப்பா" என்று மகள் சொன்னபோது, லோடு ஏற்றுகிற இடத்தில் பார்த்துப் பழகியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார் காண்டாமிருகத்தார். அதற்குமேல் கேட்க அப்பனுக்குக் கூச்சம்.

லாரியைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது என்று மனைவி காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். வாயைத்தானே மூட முடியும், கண்ணை மூட முடியுமா? அப்பாவும் மகனும் ஒட்டகத்திலேயே வந்து இறங்கியதை அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வீட்டு வாசலில் சமதளமாக அவ்வளவு இடம் கிடக்க, பையன் அதையெல்லாம் தாண்டிப் போய், தெருக்கோடிச் சரிவில், வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினான்.

மகளும் தினம் அங்கேதான் நிறுத்துவாள். கேட்டால் நிழல் என்பாள். இன்றும் காண்டாமிருகம் அங்கேதான் நின்றது. ஒட்டகம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது என்று அவருக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

டீ வரும்வரை சமாதானம் நீடித்தது. டம்ளரைக் கையில் வாங்கிய ஒட்டகத்தார், நியாயமாகத்தான் ஒன்றைச் சொன்னார். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வீட்டுக்கு இரண்டு கிழட்டு லாரி எதற்கு? ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விற்றுவிடலாமே.

"சரியான பேச்சு" என்றார் காண்டாமிருகத்தார். "உங்களுதை எப்ப விக்கலாம்?"

மாநாடு அத்துடன் முடிந்து, போர் தொடங்கியது. ஒட்டகம் மார்க்கின் கியர் பாக்ஸ் பேரன் காலம்வரை ஓட்டினாலும் அசையாது என்றார் ஒருவர். கியர் பாக்ஸ் அசையாது என்பது ஊருக்கே தெரியும், லாரியும் அசையாது என்பதுதான் பிரச்சினை என்றார் மற்றவர். பட்டை ஸ்பிரிங், கிளட்ச், பிரேக் டிரம் என்று ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கூடத்தில் போட்டார்கள். வார்த்தையால்தான் என்றாலும், உட்கார இடமில்லாத மாதிரி ஆகிவிட்டது.

"ஒட்டகம் தண்ணி குடிக்காதுன்னு பேரு. உங்களுது ரேடியேட்டர் பத்து மைலுக்கு ஒரு குடம் குடிக்குதாமே?"

"காண்டாமிருகத்துக்குத் தோல்தான் கெட்டி, சம்பந்தி. உள்ள இருக்கறது பூராவும் சத்தம்."

பையன் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் காலி ட்ரேயை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். ஆறு மாதம் அழுதும் கெஞ்சியும் கூட்டிவந்த கல்யாணப் பேச்சு, பிரேக் பிடிக்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒட்டகத்தார் எழுந்துவிட்டார். "மரியாதை தெரியாத ஜனங்க. வாடா போகலாம்."

காண்டாமிருகத்தாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வல்லரசு உட்கார்ந்துகொண்டே தோற்க முடியுமா? "போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போங்க. ஆறு வருஷமா ஒரு ரிப்பேர் பில்லு என் கண்ணுல பட்டதில்ல. என் வண்டி ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒர்க்‌ஷாப்ல நின்னதுன்னு யாராவது சொல்லட்டும். மறுபேச்சு இல்லாம இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்டறேன். சாகறவரைக்கும் லாரியைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன்."

"எனக்கு மட்டும் பில்லு வந்துச்சா?" என்றார் ஒட்டகத்தார். "என் ஒட்டகம் ஒரு நாள் நின்னிருந்தா நானும் அதே. சத்தியம்."

காலையில் சத்தியம் வாங்கிய மனைவி, இந்த இடத்தில் மட்டும் மெல்ல முன்னால் வந்தாள். "ரெண்டு பேரும் பிள்ளைங்க முன்னாடி சத்தியம் பண்ணியிருக்கீங்க. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"எவன் மாத்திப் பேசுவான்?" என்று இரண்டு வல்லரசுகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

மகள் பையனைப் பார்த்தாள். பையன் தலை குனிந்துகொண்டான். அவள் ட்ரேயை மேஜைமேல் வைத்தாள்.

"சரிவுல உருட்டாம ரெண்டு வண்டியுமே ஸ்டார்ட் ஆகாது. வாரத்துல மூணு நாள் நாங்க ரெண்டு பேரும் ஒரே ஒர்க்‌ஷாப் பெஞ்சுலதான்ப்பா உக்காந்திருக்கோம். பழக்கமே அங்கதான்."