தம்பியின் வாள்

வாசல் வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நிற்கிறான் ஸ்டைனார். துருத்தியை அமுக்கும் அஸ்கெர்ட் அவனை முறைக்கிறாள். தான் வெட்டிச் சாய்த்த அவள் தம்பியின் உடைந்த வாளையே கொண்டுவந்து, தன் புதுக் கத்திக்கான கம்பிகளோடு சேர்த்து முறுக்கச் சொல்லியிருக்கிறான். "உன் தம்பி வாளு என் இடுப்புலயாவது உருப்படியா இருக்கட்டும்டி." முறுக்கிய கம்பிகள் உலையில் வெள்ளையாகப் பழுக்கின்றன. "கொல்லா, மணலைத் தாராளமாத் தூவு, அப்பத்தான் இரும்பு ஒட்டும். சரியா ஒட்டாம சண்டையில பிளந்துச்சு, தோர் சாமி சாட்சியா உன் மண்டையைப் பிளந்துடுவேன்." அவள் கணவன் ஹால்வார்ட் கம்பிகளின் மேல் விரல்களை உதறுகிறான். ஒரு பொட்டு மணல்கூட விழவில்லை. அஸ்கெர்ட் மட்டும் பார்க்கிறாள். சம்மட்டி இறங்குகிறது; ஒட்டாத இரும்பு மந்தமாக முனகுகிறது. ஸ்டைனார் தலையைச் சாய்க்கிறான். "என்ன சத்தம் அது?" "சூடு பத்தல," என்கிறாள் அஸ்கெர்ட். அடுத்த அடி அவன் காதில் விழாதபடி துருத்தியை ஓங்கி அமுக்குகிறாள்.