நாலு பேர் செய்த கொலை

"அவளைக் கொல்லலீங்க ஐயா! உயிரோடதான் இருக்கா!"

கிருஷ்ணசாமி கெஞ்சினார். பீடியைப் பற்றவைத்து, எரிந்த குச்சியை வழக்கம்போலத் தீப்பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினார்.

எதிரே அருளானந்தம் சிரித்தார். அவர் போலீஸ் அல்ல. புதுச்சேரி வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர்; யாரையும் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றே அழைப்பவர்.

"அதை மொத அத்தியாயத்துலயே எழுதியிருக்கணும் முசியே. இப்ப வந்து அழுதா?"

ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதும் மர்மத் தொடர் அது. முன்னவர் எழுதியதைப் பின்னவர் மாற்றக் கூடாது. கலந்து பேசவும் கூடாது. முதல் அத்தியாயம் கிருஷ்ணசாமியுடையது. கணவன் வீடு திரும்புகிறான், மனைவியைக் காணோம். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறான்.

அது கதையே அல்ல என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன அவர் மனைவி அஞ்சலாட்சி, எத்தனை ஆள் அனுப்பியும் திரும்பவில்லை. ஆனால் இந்தப் பத்திரிகையை ஒரு வாரம்கூட விடமாட்டாள். படித்தால் மனம் இளகும் என்று நம்பியிருந்தார்.

அடுத்து எழுதிய ராஜாங்கம் கிணற்றடியில் ரத்தக்கறையை வைத்தார். அவருக்கு அடுத்த சூசை, முகம் தெரியாத பிணத்தையே மிதக்கவிட்டார். ஊரே அந்தக் கணவனைக் காறித் துப்பியது.

"அது வேற யாரோட பொணமாவோ இருக்கட்டுமே ஐயா! கடைசி அத்தியாயத்தை எங்கிட்ட குடுங்க. அவளை வூட்டுக்குக் கூட்டியாந்துடறேன்."

"அதைத்தான் வாசகர் போட்டிக்கு வுட்டாச்சே! நல்ல முடிவா ஒண்ணு பொறுக்கி, அச்சும் ஓடுது."

பக்கத்து அறையில் இயந்திரம் தடதடத்தது.

"முடிவு... என்னங்க?"

"புருஷனுக்குத் தூக்கு! பிரெஞ்சுக்காரன் இருந்திருந்தா தலையையே சீவியிருக்கலாம்." அருளானந்தம் தொடையைத் தட்டிக்கொண்டார். "ஆள் எப்படி மாட்டுறான் தெரியுமா? கிணத்தடியில ஒரு தீப்பெட்டி கெடக்குது. உள்ளாற அத்தனையும் எரிஞ்ச குச்சி! அப்படித் திருப்பிப் போட்டு வெக்கிற பழக்கம் அவன் ஒருத்தனுக்குத்தான். என்னா மூளை பாருங்க!"

அணைந்த பீடியை மறுபடி பற்றவைக்கப்போன கிருஷ்ணசாமியின் கை, பாதி திறந்த தீப்பெட்டியோடு நின்றது.

"எழுதினது... யாரு?"

"கனகசெட்டிக்குளத்து வாசகி, முசியே. பேரு அஞ்சலாட்சி."